தாமாகக் கூடும் மாணவர் குழுக்கள் தடுமாறும்போது: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

மாணவர்கள் தாங்களே கூடிப் பேசும் வாராந்தரக் குழுக்களையும், மேல்வகுப்பு அக்காக்களும் அண்ணன்களும் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையிருக்கும் வழிகாட்டல் ஏற்பாட்டையும் தமிழ்நாட்டின் மூன்று அரசுப் பள்ளிகளில் நடத்திவந்திருக்கிறேன். பள்ளி மாறினாலும் கோளாறுகள் மாறவில்லை. ஏறத்தாழ அதே வரிசையில், அதே மாதங்களில் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைச் சரிசெய்ததில் கிடைத்த குறிப்புகளை, இதைப் புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்காக இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

இங்கே அடிப்படையாக வைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு இதுதான். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை. ஒரு குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர். என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதை மாணவர்களே தீர்மானிப்பார்கள். ஆசிரியர் கண்ணில் படும் தூரத்தில் இருப்பார், ஆனால் நடத்தமாட்டார். வழிகாட்டலுக்கு ஒன்பதாம் அல்லது பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர்.

ஒவ்வொரு தலைப்பிலும் செலவும் உழைப்பும் குறைந்த சோதனை முதலில் வருகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். எந்த அறிகுறியாக இருந்தாலும் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் ஏற்பாட்டைச் சோதித்துப் பாருங்கள். நான் சரிசெய்த கோளாறுகளில் பெரும்பாலானவை இடம், நேரம், கேள்வி, குழுவின் அளவு ஆகிய நான்கில் ஒன்றில்தான் இருந்தன.

அறிகுறி 1: குழு கூடுகிறது, ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை

முதலில் உட்காரும் முறையைப் பாருங்கள். பெஞ்சுகள் கரும்பலகையை நோக்கி இருக்கும்வரை பிள்ளைகள் முன்னால் இருப்பவரின் முதுகோடுதான் பேச வேண்டியிருக்கும். பெஞ்சை நகர்த்த இடமில்லாத வகுப்பறையில் தரையில் வட்டமாக உட்காரச் சொல்லுங்கள். செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் நடந்த ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிகளுக்கு வாங்கிய பாய்கள் பல இடங்களில் இன்னும் பொருள் வைப்பறையில் கிடக்கின்றன. பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கேட்டால் கிடைக்கக்கூடும்.

அடுத்து, ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். வட்டத்தின் விளிம்பில் நீங்கள் நின்றால் எல்லா விடையும் உங்களை நோக்கியே வரும், விடை தெரியாதவர் தலையைக் குனிந்துகொள்வார். ஒரு வாரம் வராந்தாவில் நாற்காலி போட்டு, சன்னல் வழியே தெரியும்படி உட்கார்ந்து வேறு வேலை பாருங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே பேச்சு தொடங்கினால் கோளாறு அதுதான், மேலே தேட வேண்டாம்.

இன்னும் மௌனம் நீடித்தால் கேள்வியைச் சோதியுங்கள். ‘நீரின் இன்றியமையாமை’ என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் மனத்துக்குள் கட்டுரையைத் தேடுவார்கள். அது முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு நின்றுவிடும். ‘நம் பள்ளிக் குழாயில் மதியம் மட்டும் ஏன் தண்ணீர் வருவதில்லை?’ என்ற கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு தகவல் இருக்கும், அதை மறுக்க இன்னொருவரிடம் இன்னொரு தகவல் இருக்கும். விடை உங்களுக்கே தெரியாத கேள்வி, விடையை நேரில் போய்ப் பார்க்க முடிகிற கேள்வி, குறைந்தது இரண்டு பேர் வேறுபட்டுப் பேசக்கூடிய கேள்வி ஆகிய மூன்றில் ஒன்றாவது அது இருக்க வேண்டும். இரண்டாம் மாதத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டியில் துளையிட்டு வைத்து, பிள்ளைகள் எழுதிப் போடும் கேள்விகளிலிருந்து குழுவே ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடலாம்.

மொழியும் ஒரு காரணம். இலக்கிய மன்றத்தில் பேசுவதுபோல் ‘அவையோர்க்கு வணக்கம்’ என்று தொடங்க வேண்டுமோ என்ற பயத்தில் பல பிள்ளைகள் பேசாமலே இருந்துவிடுகிறார்கள். வீட்டில் பேசுவதுபோல் பேசலாம் என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒருமுறை நீங்கள் யாருடைய சொல்லையாவது திருத்தினால் மறுபடியும் மூன்று வாரம் பின்னால் போக வேண்டியிருக்கும். பேச்சு எழாத குழுவில் முதல் ஐந்து நிமிடம் இருவர் இருவராகப் பேசிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் சொன்னதைக் குழுவுக்குச் சொல்லும் முறையை வைத்தால், தன் கருத்தைச் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைகூட நண்பனின் கருத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறது.

குழு பேசத் தொடங்கிய பிறகும் ஒரு பிள்ளை மட்டும் வகுப்பிலும் விளையாட்டிலும் சத்துணவு வரிசையிலும் மௌனமாகவே இருந்தால், அதைக் குழுவின் கோளாறாக எண்ணி அந்தப் பிள்ளையைப் பேச வைக்க முயலாதீர்கள். காது கேட்கிறதா என்பதைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சோதிக்கச் சொல்லுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழையுங்கள். இந்த இரண்டுக்கும் செலவில்லை, ஆனால் நாம் கேட்காமல் நடப்பதில்லை.

அறிகுறி 2: இரண்டு பேர் மட்டுமே பேசுகிறார்கள்

முதல் சோதனைக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். வட்டத்தில் இருப்பவர்களைப் புள்ளிகளாகக் குறித்து, யார் யாரைப் பார்த்துப் பேசினார் என்பதைப் பத்து நிமிடம் கோடுகளாக வரையுங்கள். கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்தால் அங்கே வகுப்புத் தலைவரோ முதல் மதிப்பெண் பெறுபவரோ இருப்பார். கோடே விழாத புள்ளிகள் எவை என்பதையும் பாருங்கள். அவர்கள் வட்டத்தை விட்டு ஒரு சாண் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

குழுவில் எட்டுக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். அதற்குப் பிறகும் நிலை மாறாவிட்டால் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள்; ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும், கையில் இருப்பது தீர்ந்தவர் மற்றவர்கள் முடிக்கும்வரை கேட்க வேண்டும். இதை நான்கு வாரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். பிள்ளைகள் கொட்டையைத் தீர்ப்பதற்காகவே பேசத் தொடங்கியதும் அதை எடுத்துவிட வேண்டும். அதற்குள் அடுத்தவருக்காகக் காத்திருக்கும் பழக்கம் பெரும்பாலும் வந்துவிடுகிறது.

ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு பெண் பிள்ளை இருக்கும் குழுவில் அந்தப் பெண் பேசுவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். குறைந்தது மூன்று பெண்கள் இருக்கும்படி அமையுங்கள். எண்ணிக்கை போதாவிட்டால் ஒரு பருவத்துக்குத் தனிக் குழுவாகத் தொடங்கிப் பிறகு கலக்கலாம். நன்றாகப் பேசும் அந்த இருவரையும் அடக்கிவைக்க வேண்டாம். ஒருவருக்குக் குறிப்பெடுக்கும் பொறுப்பையும், இன்னொருவருக்கு இன்னும் பேசாதவர்களின் கருத்தைக் கேட்டு வாங்கும் பொறுப்பையும் கொடுத்து, வாரம் ஒருமுறை இந்தப் பொறுப்புகளைச் சுற்றில் விடுங்கள்.

அறிகுறி 3: சத்தம் அதிகம், பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வருகிறது

இது எளிதான கோளாறு. வெயில் தாழ்ந்த பாடவேளைக்கு மாற்றி, வேப்பமரத்தடிக்கோ சத்துணவுக் கூடத்துக்கோ போங்கள். அங்கேயும் இரைச்சல் குறையவில்லை என்றால் குழுவுக்கு முடிவில் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை என்று பொருள். பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு வாக்கியமோ ஒரு படமோ சுவரில் ஒட்ட வேண்டும் என்று வைத்தால் பேச்சு தானாக அடங்கி வரும். பேச்சின் சத்தமும் சண்டையின் சத்தமும் வேறு வேறு என்பதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு ஒருமுறை அழைத்துக் காட்டிவிடுங்கள்.

அறிகுறி 4: பேச்சு ஓடுகிறது, ஆனால் ஆழமாகப் போவதில்லை

மூன்றாம் மாதத்தில் இது வரும். குழு மகிழ்ச்சியாகக் கூடிக் கலையும், ஆனால் முதல் வாரத்தில் சொன்னதையே பத்தாம் வாரத்திலும் சொல்லும். இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சுவரில் பதித்த கணினி வழியே பிள்ளைகள் தாமாகக் கற்பதை 1999-இல் தில்லியில் சோதிக்கத் தொடங்கிய சுகதா மித்ரா, பிற்பாடு காளிக்குப்பம் என்னும் தமிழ் பேசும் கிராமத்தில் பிள்ளைகளுக்கு உயிரியல் பாடத்தைக் கணினியில், அதுவும் ஆங்கிலத்தில், கொடுத்துவிட்டுப் போனார். தாமாகக் கூடிப் படித்த பிள்ளைகள் தேர்வில் சுமார் 30 விழுக்காடு வரை வந்து அங்கேயே நின்றார்கள். பாடம் தெரியாத, ஆனால் பிள்ளைகளோடு நன்றாகப் பழகும் ஒரு பெரியவர் பின்னால் நின்று, பாட்டி பேரப்பிள்ளையிடம் கேட்பதுபோல் ‘இதை எப்படிக் கண்டுபிடித்தாய், எனக்கும் காட்டு’ என்று வியந்து கேட்ட பிறகுதான் அது சுமார் 50-க்கு ஏறியது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஆசிரியரே தேவையில்லை என்று வாதிடுவது தவறு. ஆனால் தாமாக இயங்கும் குழு ஓரிடத்தில் நின்றுபோகும் என்பதையும், அதை அங்கிருந்து நகர்த்துவது எது என்பதையும் அது சரியாகவே காட்டியிருக்கிறது; என் அனுபவமும் அதுவே.

ஆகவே இங்கே முதல் சோதனை, யாராவது அவர்கள் பேசுவதை ஆர்வத்தோடு கேட்கிறார்களா என்பது. நீங்களே பத்து நிமிடம் போய் உட்கார்ந்து, திருத்தாமல், கேள்வி மட்டும் கேளுங்கள். ‘அது உனக்கு எப்படித் தெரியும்?’, ‘இதை ஒத்துக்கொள்ளாதவர் யார்?’ என்னும் இரண்டு கேள்விகளே பெரும்பாலும் போதுமானவை. உங்களால் எல்லாக் குழுவுக்கும் போக முடியாவிட்டால், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாயையோ, ஓய்வுபெற்ற ஒருவரையோ தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு மாதம் ஒருமுறை அழைக்கலாம். வெளியாள் எவரையும் பிள்ளைகளோடு தனியாக விடக்கூடாது. எத்தனை நாள் பழகியவராக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

அடுத்த கட்டம் நூலகம். பேச்சுக்குப் புதுத் தீனி கிடைக்காமல் வறண்டுபோயிருந்தால், பாடவேளைக்கு முன் குழுவில் ஒருவர் ஒரு பக்கம் படித்துவிட்டு வந்து சொல்வது என்று வைத்துப் பாருங்கள். கணினி அறையும் இணையமும் தேவைப்படும் வழிகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கணினி அறைச் சாவிக்காகக் காத்திருந்தே பருவம் முடிந்துபோன குழுவை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 5: குழுக்கள் தெருவாரியாக, சாதிவாரியாகப் பிரிந்து அமைகின்றன

மிகக் கவனமாகக் கையாள வேண்டிய கோளாறு இது. தாமாக அமையும் குழு என்று சொல்லிவிட்டு, ‘யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டால், ஊரில் உள்ள பிரிவினை அப்படியே வகுப்பறைக்குள் வந்து வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். பேசும் பொருளைப் பிள்ளைகள் தீர்மானிக்கலாம். குழுவில் யார் யார் என்பதை மட்டும் அவர்களிடம் விடக்கூடாது. இதை நான் முதல் பள்ளியில் தெரியாமல் விட்டுவிட்டு, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் கவனித்தேன். அந்த ஆறு மாதத்தில் நான் குழு என்ற பெயரில் வளர்த்தது, முன்பே இருந்த விலகலைத்தான். இன்றும் அது எனக்கு வருத்தம் தருகிறது.

சோதனை எளியது. எந்தப் பிள்ளையிடமும் சாதியைக் கேட்காதீர்கள், எங்கும் எழுதாதீர்கள். எந்தப் பேருந்து நிறுத்தத்தில் ஏறுகிறார்கள், யார் யாருடைய தண்ணீர் பாட்டிலில் குடிக்கிறார்கள், குழு கலைந்ததும் யார் யாரோடு நடந்து போகிறார்கள் என்பதை ஒரு வாரம் பார்த்தாலே போதும். கையில் கட்டும் வண்ணக் கயிறுகளும் நிறையச் சொல்லும்.

முதல் தீர்வு சீட்டுக் குலுக்கல். பருவத்துக்கு ஒருமுறை, எல்லோருக்கும் முன்னால், ஒரு பிள்ளையின் கையாலேயே குலுக்கி எடுங்கள். ஆசிரியர் பிரித்தார் என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. அரசுப் பள்ளிகளில் 2024-இல் தொடங்கிய மகிழ் முற்றம் ஏற்பாட்டில் பிள்ளைகள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாக வகுப்புக் கடந்து கலந்திருக்கிறார்கள். அதிலிருந்தே உரையாடல் குழுக்களையும் வழிகாட்டி இணைகளையும் எடுத்தால் தனியாகப் பிரிக்கும் வேலையும் மிச்சம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் மாணவர்களைப் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்கவும், சாதி அடையாளமாகக் கட்டும் கயிறுகளைத் தடை செய்யவும் பரிந்துரைத்தது. அகர வரிசையில் உட்கார வைக்க ஒரு பைசா செலவில்லை, நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

குலுக்கிய குழு முதல் மூன்று வாரம் இறுக்கமாக இருக்கும். அப்போது சாதியைப் பற்றிப் பேச வைக்க முயல வேண்டாம். குழாய், கழிப்பறை, விளையாட்டு மைதானம் போன்ற எல்லோருக்கும் பொதுவான கோளாறு ஒன்றைக் கொடுத்து, அதற்கான மனுவைச் சேர்ந்து எழுத வைத்தால், அந்த வேலையினூடே ஒருவரோடு ஒருவர் பழகிக்கொள்கிறார்கள். ‘என் பிள்ளையை அந்தக் குழுவில் போடாதீர்கள்’ என்று ஒரு பெற்றோர் வந்தால், தனியே பேசி மாற்றிக் கொடுக்காதீர்கள். ஒருமுறை மாற்றினால் குலுக்கலுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். தலைமையாசிரியர் முன்னிலையில், குலுக்கல் எல்லோருக்கும் பொது என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு பிள்ளையை மிரட்டுவது, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, வேலை ஏவுவது, பணம் பறிப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காதில் விழுந்த உடனே குழு வேலையை நிறுத்துங்கள். துன்பப்பட்டவரையும் துன்புறுத்தியவரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்து ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது பெரும் தீங்கு. அது துன்பப்பட்ட பிள்ளையை இரண்டாம் முறை காட்டிக்கொடுப்பதாகும். அன்றே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடியதைப் பள்ளிக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் உரிமை நமக்குக் கிடையாது. அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டியது.

அறிகுறி 6: வழிகாட்டி மாணவர் சட்டாம்பிள்ளை ஆகிவிடுகிறார்

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவர் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பிரம்பும் இருந்தது. சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான காப்பகப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கிருந்த பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். அது இங்கிலாந்தில் மதராஸ் முறை என்ற பெயரோடு பரவியது. மூத்தவர் சொல்லிக்கொடுப்பது நமக்குப் பழக்கமானது என்பது ஒரு வசதி, அதிகாரமும் சேர்ந்தே வந்துவிடுவது அதனுள் இருக்கும் சிக்கல்.

முதலில் கரும்பலகையைப் பாருங்கள். பேசுபவர் பெயரை எழுதும் வேலையும், வீட்டுப்பாடம் காட்டாதவரை எழுப்பி நிறுத்தும் வேலையும் வழிகாட்டியிடம் இருந்தால் அன்றே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சட்டையில் குத்தும் அடையாள அட்டையையும் எடுத்துவிடுங்கள். பாதிக் கோளாறு இங்கேயே தீரும்.

மாறவில்லை என்றால் தேர்ந்தெடுத்த முறையைச் சோதியுங்கள். முதல் மூன்று மதிப்பெண்காரர்களை வழிகாட்டியாக்குவது நம் வழக்கம், ஆனால் தனக்கு எளிதாக வந்தது இன்னொருவருக்கு ஏன் வரவில்லை என்பதை அவர்களால் பல நேரம் புரிந்துகொள்ள முடிவதில்லை. ‘ஒரு கணக்கு வரவில்லை என்றால் எந்த அக்காவிடம், எந்த அண்ணாவிடம் போவாய்?’ என்று ஆறாம் வகுப்பில் ஆளுக்கொரு சீட்டில் எழுதி வாங்குங்கள். வரும் பெயர்கள் உங்களை வியக்க வைக்கும். தானும் தட்டுத் தடுமாறிப் பின்னப் பெருக்கலைக் கற்ற ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி, எந்த இடத்தில் பிள்ளை வழுக்கும் என்பதை என்னைவிடத் துல்லியமாகச் சொன்னதை நான் மறக்கவில்லை.

வீட்டுப்பாடத்தைத் தானே எழுதிக் கொடுக்கும் வழிகாட்டி இதன் மறுபக்கம். அவருக்குப் பொறுமை இல்லை என்று நினைக்காதீர்கள். என்ன கேட்பது என்று தெரியாததே காரணம். ‘எதுவரை உனக்கு வந்தது?’, ‘எங்கே நின்றுபோனது?’, ‘அடுத்து என்ன செய்து பார்க்கலாம்?’ என்ற மூன்று கேள்விகளைக் கொடுத்து, பென்சில் சிறிய பிள்ளையின் கையைவிட்டு நகரக்கூடாது என்ற ஒரே விதியை வையுங்கள்.

உழைப்புக் கூடிய தீர்வு, வழிகாட்டிகளுக்கென்று வெள்ளிதோறும் கால் மணி நேரம் ஒதுக்குவது. அந்த வாரம் எதில் திணறினார்கள் என்பதை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இது இல்லாத ஏற்பாடு எதுவும் என் கைகளில் ஒரு பருவத்தைத் தாண்டியதில்லை. இணைகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை முடித்துக்கொண்டு, இருவரும் விரும்பினால் மட்டும் தொடரச் செய்யுங்கள். கைநீட்டி அடித்த வழிகாட்டியை அன்றே விலக்க வேண்டும். அவரைத் திருத்துவது தேவையே, ஆனால் சிறிய பிள்ளையை வைத்துக்கொண்டு அதைச் செய்யக்கூடாது.

அறிகுறி 7: சிறிய பிள்ளைகள் வழிகாட்டியிடம் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பள்ளி விட்ட பிறகு வைத்திருந்தால் கடைசிப் பேருந்துக்குப் போகும் பிள்ளைகளும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண் பிள்ளைகளும் முதலில் நிற்பார்கள். சத்துணவு முடிந்த பிறகு உள்ள இருபது நிமிடத்துக்கோ, பாடவேளைக்குள்ளேயோ மாற்றுங்கள்.

நேரம் காரணமில்லை என்றால் பட்டியலைப் பாருங்கள். ‘மெல்லக் கற்போர்’ பட்டியலை அப்படியே வழிகாட்டல் பட்டியலாக்கியிருந்தால், அங்கே போவது தோற்றவர் என்று ஒப்புக்கொள்வதாகப் பிள்ளைக்குப் படும். ஆறாம் வகுப்பு முழுவதற்கும் வழிகாட்டி உண்டு என்று வைத்தால் அந்தக் கூச்சம் போய்விடும். பிறகு வழிகாட்டியின் வருகையைப் பாருங்கள். இரண்டு முறை காத்திருந்து ஏமாந்த பிள்ளை மூன்றாம் முறை வராது. இவை எதுவும் இல்லாமல் பிள்ளை பள்ளிக்கே வருவது குறைந்தால், வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியது ஆசிரியர். வழிகாட்டி மாணவரைத் தூது அனுப்பாதீர்கள்.

அறிகுறி 8: வழிகாட்டியிடம் பிள்ளை ஒரு ரகசியத்தைச் சொல்லியிருக்கிறது

இந்த அறிகுறிக்கு மட்டும் எளிதிலிருந்து தொடங்கும் வரிசை பொருந்தாது. அடி, பாலியல் தொல்லை, குழந்தைத் திருமண ஏற்பாடு, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் ஆகிய எதுவாக இருந்தாலும் பயிற்சி பெற்றவரை அழைப்பதுதான் முதல் படி.

இதற்கான தயாரிப்பை வழிகாட்டலின் முதல் நாளே செய்துவிட வேண்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள், ‘உனக்கு உதவக்கூடிய டீச்சரிடம் மட்டும் சொல்வேன்’ என்று சொல்லுங்கள் என வழிகாட்டிகளுக்குக் கற்பியுங்கள். எந்த ஆசிரியரிடம் வர வேண்டும் என்பதைப் பெயரோடு சொல்லுங்கள், அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

உங்களிடம் செய்தி வந்ததும், பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி, நாளும் நேரமும் குறியுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். உண்மையா என்று சோதிப்பது உங்கள் வேலை இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. அந்தத் தண்டனை குழந்தைகளுக்குப் பொருந்தாது என்பதை வழிகாட்டி மாணவருக்கு எடுத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளையும் பயந்துபோயிருக்கும். தலைமையாசிரியர் ‘பள்ளியின் பெயர் கெடும்’ என்று தடுத்தாலும் உங்கள் கடமை மாறாது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, மனநல உதவிக்கு 14416 ஆகிய மூன்றும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். சொல்லக் கேட்ட வழிகாட்டிக்கும் ஒரு பெரியவரின் துணை தேவை. பதினான்கு வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையின் துயரத்தைத் தனியாகச் சுமக்கக்கூடாது.

அறிகுறி 9: சனவரிக்குப் பிறகு பாடவேளையே காணாமல் போகிறது

பொதுத் தேர்வு நெருங்கும்போது நூலகப் பாடவேளையும் விளையாட்டுப் பாடவேளையும் போகும் வழியில்தான் இதுவும் போகும். முதலில் கால அட்டவணையைப் பாருங்கள்: அதில் குழு உரையாடல் என்று அச்சாகியிருக்கிறதா, அல்லது உங்கள் பாடவேளையிலிருந்து நீங்கள் விட்டுக்கொடுத்து நடத்திவந்தீர்களா? அட்டவணையில் இல்லாததை யாரும் பறிக்க வேண்டியதில்லை, அது தானாக உதிரும். ஜூனில் அட்டவணை போடும்போதே கேட்டு வாங்க வேண்டும். வாங்க முடியாமல் போன ஆண்டில், மேல்வகுப்பு வழிகாட்டிகளை சனவரியில் நன்றி சொல்லி விடுவித்து, எட்டாம் வகுப்பிலிருந்து புதியவர்களைப் பழக்கி, நாற்பது நிமிடத்தை இருபதாக்கியாவது நிற்காமல் நடத்துங்கள். முழுவதும் நின்ற குழுவை ஜூனில் மறுபடி உயிர்ப்பிப்பதற்கு ஒரு பருவம் பிடிக்கிறது.

‘பேசிக்கொண்டே இருந்தால் எப்போது படிப்பது?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி, அதற்குச் சொற்பொழிவால் பதில் சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களை ஒருமுறை குழு நடக்கும் நேரத்தில் வட்டத்துக்குப் பின்னால் உட்கார வைத்து, பிள்ளைகள் பேசுவதைக் கேட்கச் செய்யுங்கள். வீட்டில் வாய் திறக்காத மகள் இங்கே நான்கு பேரை மறுத்துப் பேசுவதைக் கேட்ட ஒரு தாய், அடுத்த கூட்டத்தில் எனக்காக வாதாடினார்.

எல்லாவற்றிலும் விலை கூடிய காரணம், முழு ஏற்பாடும் ஒரே ஆசிரியரின் தோளில் இருப்பது. மே மாதக் கலந்தாய்வில் உங்களுக்கு மாறுதல் கிடைத்தால் குழுவும் உங்களோடு போய்விடும். என் முதல் பள்ளியில் அப்படித்தான் போனது. இதைக் கண்டறியக் கலந்தாய்வுவரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் விடுப்பில் இருந்த வாரத்தின் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். தேதி, குழுவின் கேள்வி, வந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவை பிள்ளைகளின் கையெழுத்தில் இருந்தால் நீங்கள் வராந்தா நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். பக்கம் வெறுமையாக இருந்தால், இன்னொரு ஆசிரியரை அடுத்த வாரமே உடன் அழைத்துக்கொண்டு, குறிப்பேட்டையும் சீட்டுப் பெட்டியையும் எட்டாம் வகுப்பினர் இருவரிடம் ஒப்படைத்து, இன்னொரு நாள் விடுப்பு எடுத்துப் பாருங்கள்.